நீலக்குறிஞ்சியா, கார்வியா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். 2024 செப்டம்பரில் தோழிகளோடு மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போனவள், சரிவு முழுக்க ஊதாவாகப் பூத்திருந்த செடிகளைப் படம் எடுத்து அனுப்பி, "அம்மா, குறிஞ்சி பாத்துட்டேன்" என்றாள். என் வீட்டுக்காரரோ, குறிஞ்சி 2018லேயே பூத்து முடிந்துவிட்டது, இனி 2030 வரை வராது, இது வேறு ஏதோ காட்டுச்செடி என்கிறார். வீட்டில் இந்த வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் கூடுதல் நியாயம் இருக்கிறது, ஆனால் மகளையும் முழுக்கத் தோற்கடிக்க முடியாது. படத்தில் இருப்பது கார்வி. மராட்டியத்தில் அதற்கு அதுதான் பெயர். தாவரவியலில் ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசா. நம் கொடைக்கானல், மூணாறு நீலக்குறிஞ்சி ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. இரண்டும் ஒரே பேரினம், அதாவது நெருங்கிய பங்காளிகள். அந்தப் பேரினத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, தமிழில் அவற்றில் பலவற்றைப் பொதுவாகக் குறிஞ்சி என்றே சொல்லிவிடுகிறோம். அந்த அர்த்தத்தில் மகள் பார்த்தது ஒரு குறிஞ்சிதான். நீலக்குறிஞ்சி இல்லை, அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பீர்கள். பூவைப் பார்த்து இல்லை. இந்த இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் முதலில் பூவை மறந்துவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டிலும் பூ மணி வடிவம், இரண்டிலும் நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே ஒரு நிறம், அதிலும் நீலக்குறிஞ்சிப் பூ விரியும்போது வெளிர் நீலமாக இருந்து வயதாக ஆக ஊதா ஏறுவதால் ஒரே கொத்திலேயே நாலு சாயல் தெரியும், கைபேசி கேமரா அதற்கு மேல் தன் பங்குக்கு ஒரு நீலத்தைச் சேர்க்கும். நிறத்தை வைத்துச் சண்டை போட்டால் தீர்ப்பே வராது.

உங்கள் படத்தில் நான் பார்த்தது வேறு. சிவப்புத் துப்பட்டா போட்ட ஒரு பெண் செடிக்கு முன்னால் நிற்கிறாரே, அவர் தலைக்கு மேல் இன்னும் இரண்டு முழம் செடி போகிறது. பின்னால் மரத்தண்டுகள் தெரிகின்றன. வலது ஓரத்தில் ஒரு இலை கேமராவுக்குக் கிட்டத்தில் வந்திருக்கிறது, உள்ளங்கையைவிட நீளம், ஓரமெல்லாம் பல், மேலே சொரசொரப்பு. இந்த மூன்றே போதும். கார்வி ஆள் உயரத்தைச் சுலபமாகத் தாண்டும், நல்ல இடத்தில் இரண்டு ஆள் உயரம்கூட வரும், மரங்களுக்கு அடியில் நெருக்கமாக அடர்ந்து வளரும். நீலக்குறிஞ்சி அதிகமாக இருப்பது மரமே இல்லாத திறந்த புல்வெளியில். உயரமான மலைகளில் காற்று அடிக்கும் இடத்தில் முழங்காலைத் தாண்டுவதே பெரிய விஷயம், காற்று மறைந்த பள்ளத்தில் இன்னும் உயரும். இலையும் சிறியது, தடித்தது. தண்டு கருத்து, நான்கு பட்டையாக இருக்கும்.

இருக்கும் உயரமும் ஒரு சாட்சி. நீலக்குறிஞ்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டருக்கு மேல்தான், மேற்கு மலைத்தொடரின் தென்பகுதியில், சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும் நிலத்தில். மும்பைப் பூங்காவின் குன்றுகள் 500 மீட்டரைக்கூடத் தொடாதவை. அங்கே நீலக்குறிஞ்சி இருக்க வழியே இல்லை. கார்வி அப்படிக் கறார் பேசாது. சஹ்யாத்ரி மலையில், அதாவது மேற்கு மலைத்தொடரின் வடபகுதியில், தாழ்ந்த சரிவிலும் இருக்கும், மேலேயும் இருக்கும்.

சரி, வித்தியாசத்தைப் பேசியாயிற்று, ஒற்றுமையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுவாரசியமே அங்கேதான். இரண்டும் வருடக்கணக்கில் பூக்காமல் நின்று, ஒரு மலையில் உள்ள அத்தனை செடியும் ஒரே பருவத்தில் பூத்து, விதைத்து, பிறகு மொத்தமாகச் செத்துப்போகும். நீலக்குறிஞ்சிக்கு 12 வருடம், கார்விக்கு ஏழெட்டு. மும்பைப் பூங்காவில் கார்வி 2008, 2016, 2024 என்று எட்டெட்டாக வந்திருக்கிறது. ஏன் எல்லாம் ஒன்றாகப் பூக்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் பூச்சியும் பறவையும் எலியும் ஒன்று விடாமல் தின்று தீர்த்துவிடும், எல்லோரும் சேர்ந்து ஒரே தடவையில் கொட்டினால் தின்கிறவர்கள் தின்று சலித்த பிறகும் மண்ணில் மிச்சம் இருக்கும்.

இன்னொன்று. அடுத்த வருடம் மழை தொடங்கும் வாரத்தில் அதே சரிவுக்கு மறுபடியும் போகச் சொல்லியிருக்கலாம். காய்ந்த கார்விக் காய்கள் செடியிலேயே நிற்கும், முதல் மழை பட்டதும் பட்டுபட்டென்று வெடித்து விதையைத் தூக்கி எறியும், மலையே பொரிவது மாதிரி சத்தம் வரும். இதைக் கேட்க மும்பைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டில் கனகாம்பரம் இருந்தால் காய்ந்த கதிரை ஒரு தட்டில் வைத்துத் தண்ணீர் தெளியுங்கள், சில நிமிடத்தில் விதை சுவரில் போய் அடிக்கும். சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்க வைத்து விளையாடிய பட்டாசுக்காயும் இதே வேலைதான். கனகாம்பரம், பட்டாசுக்காய், டிசம்பர் பூ, ஆடாதோடை, நிலவேம்பு, கார்வி, நீலக்குறிஞ்சி எல்லாமே அகாந்தேசியே குடும்பம். விதைக்குக் கீழே கொக்கி மாதிரி ஒரு சின்னக் காம்பு இருக்கும், அதுதான் விதையை உதைத்துத் தள்ளுகிறது.

கேள்வி: 12 வருடத்துக்கு ஒரு முறை என்று பள்ளியில் படித்தோம். 2006, 2018 என்றால் கணக்கு சரி. ஆனால் 2022லும் இடுக்கியில் நீலக்குறிஞ்சி பூத்ததாக டிவியில் கூட்டம் கூட்டமாகக் காட்டினார்கள். எது பொய்?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: எதுவும் பொய் இல்லை. 12 என்பது ஒரு செடியின் ஆயுள் கணக்கு, எல்லா மலைக்கும் சேர்த்துப் போட்ட பொதுக் காலண்டர் இல்லை. மூணாறு இரவிகுளத்திலும் கொடைக்கானலிலும் உள்ள பெரிய கூட்டம் 1994, 2006, 2018 என்று வருகிறது, அடுத்து 2030. சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறையில் இருக்கும் கூட்டம் வேறு வருடத்தில் முளைத்த பரம்பரை, அது 2022ல் பூத்தது. இதுபோக, ஆறு வருடம், எட்டு வருடம், பத்து வருடம் என்று வேறு வேறு சுற்றுள்ள குறிஞ்சி இனங்களும் அதே மலைகளில் இருக்கின்றன. செய்தியில் எல்லாமே நீலக்குறிஞ்சி ஆகிவிடும். இடமும் செடியின் உயரமும் சொல்லாத செய்தியை வைத்துக்கொண்டு லீவு போட்டுக் கிளம்பாதீர்கள்.

2030க்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு: ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரை நல்ல நேரம். நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல். அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். மழையையும் கணக்கில் வையுங்கள், 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளம் வந்து சாலைகள் அறுந்ததில் மூணாறுக்குக் கிளம்பியவர்கள் பலருக்குப் பயணமே ரத்தானது.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நர்சரியில் "குறிஞ்சிச் செடி, வருடம் முழுக்கப் பூக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வாங்கி வைத்த நாளிலிருந்து தினமும் ஊதாப் பூ. சந்தேகமாக இருக்கிறது.
– வாசகர், வில்லியனூர்

பதில்: சந்தேகமே வேண்டாம், அது குறிஞ்சி இல்லை. இலை ஒல்லியாக நீளமாகவும், தண்டு கருஞ்சிவப்பாகவும், காலையில் விரிந்த பூ அன்றைக்கே உதிர்ந்தும் போனால் அது மெக்சிகன் பெட்டூனியா, ரூயெல்லியா சிம்ப்ளெக்ஸ். அதுவும் அகாந்தேசியேதான், பட்டாசுக்காயின் உடன்பிறப்பு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நீலக்குறிஞ்சியைப் புதுச்சேரி வெயிலிலும் உப்புக்காற்றிலும் வளர்க்க முடியாது, முடிந்தாலும் 12 வருடம் பூக்காமல் நிற்கிற செடியை எந்த நர்சரிக்காரர் விற்பார்? இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க அழகுதான். ஆனால் தொட்டியோடு நிறுத்துங்கள். வாய்க்கால் ஓரத்திலோ ஏரிக்கரையிலோ வேரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஈரம் கண்டால் விடாமல் பரவும் செடி அது.

கேள்வி: தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கார்வி, நீலக்குறிஞ்சி இரண்டில் எது அதிக ஆபத்தில் இருக்கிறது? 12 வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கிறது என்பதால்தான் நீலக்குறிஞ்சி அரிதாகிவிட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சரியா?
– மாணவி, சிதம்பரம்

பதில்: இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அந்தக் கட்டுரை செடியின் மேல் பழி போடுகிறது. 12 வருடச் சுற்று இன்று நேற்று வந்ததில்லை. அதே சுற்றோடுதான் நீலக்குறிஞ்சி மலை மலையாக நிறைந்து கிடந்தது. குறைந்தது புல்வெளி.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே மலையுச்சிப் புல்வெளிக்குக் கணக்கில் மதிப்பு இல்லை. சோலைக்குள் மரம் இருக்கிறது, அதனால் அது காடு. வெளியே புல்லும் புதரும் மட்டும் இருக்கிறது, அதனால் அது சும்மா கிடக்கிற இடம். அங்கே தேயிலை போட்டார்கள், வாட்டில் என்கிற ஆஸ்திரேலிய வேலமரம் நட்டார்கள், யூகலிப்டஸ் நட்டார்கள், பைன் நட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை. தோல் பதனிட வாட்டில் பட்டை, ஆலைக்கு மரக்கூழ், எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. பழனி மலையின் மேல்மட்டத்தில் புல்வெளி பெரும்பகுதி இப்படித்தான் மரத்தோட்டம் ஆனது. "மரம் நடுவோம்" என்று யார் சொன்னாலும் கைதட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு, ஆனால் நீலக்குறிஞ்சிக்கு மேல் நிழல் விழுந்தால் அது வளராது. வாட்டில் இப்போது யாரும் நடாமலே பரவுகிறது. மரம் நட்டதால் அழிந்த செடி என்று பரீட்சையில் எழுதினால் திருத்துகிறவர் ஒரு நிமிடம் யோசிப்பார், ஆனாலும் எழுதுங்கள்.

இந்த இடத்தில் 12 வருடச் சுற்று உள்ளே வருகிறது, ஆனால் கட்டுரை சொன்ன விதத்தில் இல்லை. பூக்கிற வருடம் மந்திரிகள் வருகிறார்கள், போலீஸ் பாதுகாப்பு, பூப்பறித்தால் அபராதம். மற்ற பதினொரு வருடம் அது முழங்கால் உயரப் புதர். அப்போதுதான் பாதை வெட்டுகிறார்கள், ரிசார்ட்டுக்கு மட்டம் தட்டுகிறார்கள், தீ வைக்கிறார்கள். யாருக்கும் ஒரு பூகூட அழிந்ததாகத் தெரியாது, ஏனென்றால் பூவே இல்லை. ஒவ்வொரு செடிக்கும் வாழ்நாளில் விதைக்க ஒரே வாய்ப்பு என்பதால், பதினோராவது வருடத்தில் எரிந்த சரிவு அதுவரை காத்திருந்த அத்தனையையும் சேர்த்து இழக்கிறது. பூத்த வருடத்தில் கொத்துக் கொத்தாகப் பறித்துக்கொண்டு காரில் ஏறுகிறவர்கள் செய்வதும் இதுதான், அடுத்த தலைமுறையின் விதையைக் கையில் எடுத்துப் போகிறார்கள், திண்டுக்கல் வருவதற்குள் அது வாடிவிடும்.

கேரள அரசு 2006ல் இடுக்கியின் வட்டவடை, கொட்டக்காம்பூர் பகுதியில் 32 சதுர கிலோமீட்டரில் குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது. ஒரு பூச்செடியை மையமாக வைத்துச் சரணாலயம் என்பது நம் நாட்டில் அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் அந்த எல்லைக்குள் யார் நிலம் எது என்ற பட்டாத் தகராறு பல வருடங்கள் இழுத்தது. தமிழ்நாட்டில் 2013ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் வந்தது. 2024ல்தான் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சி "அழிவுக்கு ஆளாகக்கூடியது" என்ற பிரிவில் சேர்க்கப்பட்டது. இவ்வளவு பேர்போன செடிக்கு இவ்வளவு தாமதமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கார்விக்கு வருகிறேன். அது மராட்டியம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று பரவலாக இருக்கிறது, தாழ்ந்த மலையிலும் வாழ்கிறது, மர நிழலையும் தாங்குகிறது. அதனால் மொத்தத்தில் நீலக்குறிஞ்சி அளவுக்கு அதற்கு நெருக்கடி இல்லை. இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன், இது என் கருத்து: கார்வி பூக்காத வருடத்திலும் மக்களுக்கு வேண்டியிருக்கிறது. சஹ்யாத்ரி பழங்குடி மக்கள் அதன் நேரான தண்டுகளை வரிசையாக நிறுத்திக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் பூசி வீட்டுச் சுவராக்குகிறார்கள், விறகுக்கும் எடுக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்த செடி, எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இதற்காகக் கார்விக்கு ஆபத்தே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மும்பை, தானே பக்கம் குன்றுகள் கட்டடமாகிக்கொண்டிருக்கின்றன, தீயும் உண்டு. ஒரு மலையில் ஒரு சுற்றுக் கார்வி விதைக்காமல் போனால் அந்த மலையைப் பொறுத்தவரை கதை முடிந்தது, மற்ற மாநிலத்தில் இருப்பது அதற்கு உதவாது.

ஆக, எது அதிக ஆபத்தில் என்றால் நீலக்குறிஞ்சி. காரணம் கேட்டால் வாழிடம் என்று எழுதுங்கள், சுற்றை இரண்டாவதாக எழுதுங்கள்.

கேள்வி: கொடைக்கானல், மும்பை என்றே பேசுகிறீர்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் நாம் போய்ப் பார்க்க, காப்பாற்ற நீலப்பூச் செடி ஏதும் இல்லையா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இருக்கிறது, பெயரும் உங்களுக்குத் தெரியும்: காயா. திருமாலின் நிறத்துக்குச் சொல்கிற அதே காயாம்பூ. குறிஞ்சிக்கு உறவில்லை, வேறு குடும்பம், தாவரவியலில் மெமிசைலான் அம்பெல்லேட்டம். கரும்பச்சையில் தடித்த இலை, எதிரெதிராக இருக்கும். பூ கிளை நுனியில் வராது, இலைக்கணுக்களில் தண்டை ஒட்டியே கொத்தாகப் பிடிக்கும், நல்ல பூப்பில் குச்சியே நீலமாகத் தெரியும். பிறகு கருநீலத்தில் சின்னச் சின்னப் பழம், பறவைகளுக்குக் கொண்டாட்டம். இலையிலிருந்து மஞ்சள் சாயம்கூட எடுத்திருக்கிறார்கள்.

காயா நம் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுச் செடி. அந்தக் காடு கிட்டத்தட்ட முழுக்க முந்திரியாகவும் சவுக்காகவும் தைலமரமாகவும் மனையாகவும் மாறிவிட்டது, மிச்சம் இருப்பது பெரும்பாலும் சாமி பயத்தால் தப்பிய கோயில் காடுகள். மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் பார்க்கலாம். உங்களுக்கு இன்னும் கிட்டத்தில் திருமாணிக்குழி. போனால் குதிரைச் சிலையோடு மட்டும் நின்றுவிடாமல் கோயிலைச் சுற்றியுள்ள புதருக்குள் பாருங்கள், கிளை ஒடிக்காதீர்கள், பொங்கல் வைத்த இடத்துப் பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். நட ஆசை என்றால் ஆரோவில் பக்கம் இந்த மண்ணின் மரங்களை வளர்க்கும் நாற்றங்கால்களில் காயாக் கன்று கேளுங்கள். அங்கே 1970களிலிருந்து இந்தக் காட்டை மறுபடி வளர்க்கிற வேலை நடக்கிறது. மெதுவாகத்தான் வளரும், வெட்சி மாதிரி அடுத்த மாதமே பூவை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: கொடைக்கானல் போன என் மச்சான் "குறிஞ்சித் தேன்" என்று ஒரு பாட்டில் வாங்கி வந்தார், சாதாரணத் தேனைவிட இரண்டு மடங்கு விலை. நம்பலாமா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: குறிஞ்சி பூக்கும் வருடத்தில் தேனீக்கள் அதிலேயே மொய்ப்பதும் அப்போது எடுக்கிற தேனுக்குத் தனி மவுசு இருப்பதும் உண்மை. வேறு குறிஞ்சி இனங்கள் இடைப்பட்ட வருடங்களிலும் பூக்கும் என்று மேலே சொன்னேன், அதனால் உங்கள் மச்சானை ஒரேயடியாக ஏமாளி ஆக்க மாட்டேன். ஆனால் கொடைக்கானல் நீலக்குறிஞ்சித் தேன் என்றே லேபிளில் போட்டிருந்தால் அது 2018ல் எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 2030ல் எடுக்கப்போவதாக இருக்க வேண்டும். எந்த மலை, எந்த மாதம் எடுத்தது என்று பாட்டிலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது மலைத்தேன், அடுத்த தடவை அந்த விலைக்கே கேட்கச் சொல்லுங்கள்.